வாசகர் முகத்தோடு ஒரு நூலக போஸ்டர்: இணையக் கருவிகளில் செய்யும் முறை

'நூலகத்துக்கு வாருங்கள்' என்று பொதுவாக அழைக்கும் போஸ்டரைப் பெரும்பாலோர் பார்க்காமலே கடந்துவிடுவார்கள். தெரிந்த முகம் ஒன்று தனக்குப் பிடித்த புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சிரித்தால், நின்று பார்ப்பார்கள். அமெரிக்க நூலகச் சங்கம் 1980களிலிருந்து வெளியிட்டு வரும் 'ரீட்' போஸ்டர் வரிசைக்கு அடிப்படையே இந்த யோசனைதான்: ஒரு பிரபலம், கையில் ஒரு புத்தகம், தலைப்பில் ஒற்றைச் சொல். பிரபலத்தின் இடத்தில் உங்கள் நூலக உறுப்பினரையோ, தினமும் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் ஊழியரையோ வைத்துவிடுங்கள். (அவர்களுடைய சின்னத்தை அப்படியே எடுக்காமல், சொந்தமாக ஒரு சொல்லைத் தேர்ந்துகொள்ளுங்கள்.) வடிவமைப்பாளர் யாரும் தேவையில்லை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருவிகள் போதும். ஒரே சிக்கல், அந்தக் கருவிகளில் பல ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. தமிழ் போஸ்டர் சொதப்புவது பெரும்பாலும் அங்கேதான்.

கருவியைத் திறக்கும் முன்

வெள்ளைத்தாளில் ஒரு செவ்வகம் வரைந்து, எது மாறும், எது மாறாது என்று பிரியுங்கள். மாறுவது நான்கு மட்டும் இருக்கட்டும்: ஆளின் படம், பெயர், நூலின் தலைப்பும் ஆசிரியரும், அந்த நூலைப் பற்றி அவர் சொல்லும் ஒரு வரி. நூலகத்தின் பெயர், சின்னம், திறந்திருக்கும் நேரம், க்யூஆர் குறி, பின்னணி நிறம் இவையெல்லாம் எல்லா போஸ்டரிலும் ஒரே இடத்தில் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஐந்தாவதாக ஒன்றை மாற்ற அனுமதித்தால், பத்தாவது போஸ்டருக்குள் வரிசை என்ற அடையாளமே போய்விடும்.

அந்த ஒரு வரிக்கு உச்சவரம்பு 12 சொற்கள். 'இது ஒரு அருமையான நூல்' என்பது வாசகரை எங்கும் கூட்டிச் செல்லாது. 'ரயிலில் படிக்கத் தொடங்கி, இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்' என்பது புத்தகத்தை எடுக்க வைக்கும். இப்படி ஒரு வரி வேண்டுமென்றால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். 'புத்தகம் எப்படி?' என்று கேட்காமல் 'எந்தப் பக்கத்தில் மூட முடியாமல் போனது?' என்றோ 'யாருக்கு இதைக் கொடுப்பீர்கள்?' என்றோ கேளுங்கள்.

டெம்ப்ளேட்டை உருவாக்கும்போது உங்கள் பட்டியலில் உள்ள மிக நீளமான பெயரையும் மிக நீளமான நூல் தலைப்பையும் போட்டு உருவாக்குங்கள். 'கலா' என்ற பெயருக்கு அழகாக அமைந்த கட்டம் 'மீனாட்சிசுந்தரம்' வந்தவுடன் உடையும். நீளமானது பொருந்திவிட்டால் குட்டையானது தானாகப் பொருந்தும்.

எந்தக் கருவி எதற்கு

*கேன்வா:* தோற்றத்துக்கு முதல் தேர்வு. தயார்நிலை டெம்ப்ளேட்டுகள் ஏராளம். படச்சட்டங்கள் இருப்பதால் படத்தை இழுத்துப் போட்டாலே தானாக வெட்டிப் பொருத்திக்கொள்ளும். இலவசக் கணக்கில் கிரீடக் குறி போட்ட படங்களையும் வடிவங்களையும் தொடாதீர்கள். எல்லாம் முடித்துப் பதிவிறக்கும்போதுதான் பணம் கேட்கும், அல்லது மேலே நீர்க்குறி விழும். பின்னணி நீக்கம், சொந்த எழுத்துருவை ஏற்றுவது, சிஎம்ஒய்கே வண்ணத்தில் (அச்சு மைகளுக்கான வண்ண முறை) பதிவிறக்குவது, அட்டவணையிலிருந்து மொத்தமாகச் செய்வது ஆகியவை கட்டணத் திட்டத்தில் இருப்பவை. பள்ளிகளுக்கும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் கேன்வாவில் தனித் திட்டங்கள் உண்டு. உங்கள் நூலகம் அதில் வருமா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

*அடோபி எக்ஸ்பிரஸ்:* முன்பு அடோபி ஸ்பார்க் என்ற பெயரில் இருந்தது. பின்னணி நீக்கத்தை இலவசமாகவே தருவதால், ஆளை மட்டும் வெட்டியெடுக்க இதைப் பயன்படுத்திக்கொண்டு, வடிவமைப்பை வேறு கருவியில் செய்யலாம்.

*கூகுள் ஸ்லைட்ஸ்:* போஸ்டர் கருவி என்று இதை யாரும் நினைப்பதில்லை. நான்கு பேர் சேர்ந்து, தமிழில், இலவசமாக, மாதாமாதம் ஒரு வரிசையை நடத்துவதானால் இதுதான் சரி. தமிழ் எழுத்துருக்கள் உள்ளேயே கிடைக்கும், யார் கணினியில் திறந்தாலும் எழுத்து மாறாது. முழு முறையும் கீழே இருக்கிறது.

*பிக் ஹ்யூஜ் லேப்ஸ்:* பத்திரிகை அட்டை, திரைப்பட போஸ்டர், ஊக்கமூட்டும் போஸ்டர் என்று ஆயத்த அச்சுகள் உள்ள தளம். படத்தைப் போட்டுப் படிவத்தை நிரப்பினால் முடிந்தது. ஆனால் எழுத்துருவும் அமைப்பும் தளத்தின் தேர்வு, உங்களுடையதல்ல. குழந்தைகள் நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேர விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம்.

*ஃபோட்டோபீ:* உலாவியிலேயே ஓடும் படத் திருத்தி. படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை. குழந்தைகளின் படங்களைக் கையாளும்போது இது முக்கியம்.

இணையம் நம்பகமாக இல்லாத இடத்தில் *ஸ்கிரைபஸ்* என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். அதிலும் 1.6 பதிப்பை எடுங்கள், பழைய 1.4 தமிழை உடைத்துக் காட்டும்.

கூகுள் ஸ்லைட்ஸில், படிப்படியாக

1. புதிய கோப்பைத் திறந்து, ஃபைல் மெனுவில் பேஜ் செட்டப், அதில் கஸ்டம். அகலம் 21 செ.மீ., உயரம் 29.7 செ.மீ. இதுதான் ஏ4. அச்சகத்தில் ஓரம் வெட்டித் தருவதானால் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூட்டி 21.6 × 30.3 என்று வையுங்கள். அளவை முதலிலேயே போடுவது அவசியம். எல்லாம் வைத்தபின் மாற்றினால் பெட்டிகள் இடம் நகரும்.

2. எழுத்துருப் பட்டியலில் மோர் ஃபான்ட்ஸ் போய், ஸ்கிரிப்ட்ஸ் என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தால் தமிழ் எழுத்துருக்கள் மட்டும் வரும். இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மூன்றாவது வேண்டாம்.

3. வியூ மெனுவில் தீம் பில்டரைத் திறக்கவும். மாறாத அனைத்தையும், அதாவது பின்னணி, சின்னம், நேரம், க்யூஆர் ஆகியவற்றை, இங்கே வையுங்கள். இங்கே வைத்ததைச் சாதாரண ஸ்லைடில் யாராலும் தெரியாத்தனமாக நகர்த்த முடியாது.

4. அதே தீம் பில்டரில் இன்சர்ட், பிளேஸ்ஹோல்டர் வழியாக ஒரு படக் கட்டமும் மூன்று எழுத்துக் கட்டங்களும் சேர்க்கவும். ஒவ்வொன்றிலும் எழுத்துரு, அளவு, நிறம், வரி இடைவெளி எல்லாவற்றையும் இங்கேயே தீர்மானித்துவிடுங்கள்.

5. தீம் பில்டரை மூடி, அந்த அமைப்பில் ஒரு ஸ்லைடு சேர்த்து, படத்தையும் எழுத்தையும் நிரப்பவும். அடுத்த ஆளுக்கு அடுத்த ஸ்லைடு. ஒரு வருடத்து வரிசை முழுதும் ஒரே கோப்பில் இருக்கும்.

6. பதிவிறக்கம் எப்போதும் பிடிஎஃப் ஆகவே. ஸ்லைடை பிஎன்ஜி படமாக எடுத்தால் துல்லியம் குறைந்து, அச்சில் எழுத்தோரம் படிக்கட்டாகத் தெரியும்.

மற்ற கிளைகளுக்கு இதே டெம்ப்ளேட்டைக் கொடுக்க, பகிர்வு முகவரியின் கடைசியில் 'எடிட்' என்று ஆங்கிலத்தில் வரும் இடத்திலிருந்து மீதியை அழித்துவிட்டு 'காப்பி' என்பதை ஆங்கிலத்தில் தட்டுங்கள். அந்த முகவரியைத் திறப்பவருக்குச் சொந்தப் பிரதி கிடைக்கும். உங்கள் மூலக்கோப்பு கெடாது.

பவர்பாயிண்டிலும் இதே வேலையைச் செய்யலாம். அதில் ஸ்லைடைப் படமாகச் சேமித்தால் இயல்பாக 96 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற துல்லியக் கணக்கு) மட்டுமே கிடைக்கும் என்பதால் அங்கும் பிடிஎஃப்தான்.

தமிழ் எழுத்து: நேரம் செலவிட வேண்டிய இடம்

எந்தக் கருவியாக இருந்தாலும் வடிவமைப்பைத் தொடங்கும் முன் இந்த வரியை ஒட்டிப் பாருங்கள்: 'ஞாயிறு மாலை பெரியோர் கதை கேட்கும் நேரம்: சௌந்தர்யா, ஸ்ரீதர், லக்ஷ்மி.' ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம், ஔகாரம், ஸ்ரீ, க்ஷ எல்லாம் இதில் உண்டு. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளிவைத்த வட்டம் தெரிந்தாலோ, அந்தக் கருவி தமிழை அடுக்கத் தெரியாதது. காரணம் எளிது. 'கெ' என்பதில் கணினி முதலில் க-வையும் பிறகு கொம்பையும் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். அந்தத் திருப்பும் வேலையைச் செய்யாத கருவியில் எத்தனை எழுத்துரு மாற்றினாலும் பயனில்லை. வேறு கருவிக்குப் போங்கள்.

சில சமயம் திரையில் சரியாக இருந்து, பதிவிறக்கிய கோப்பில் மட்டும் உடையும். எனவே சோதனை வரியை ஒருமுறை பிடிஎஃப் ஆக இறக்கிக் கண்ணால் பார்த்துவிட்டே மேலே செல்லுங்கள்.

எழுத்துருவில் தாராளமான தேர்வு இருக்கிறது. கூகுள் ஃபான்ட்ஸில் உள்ளவை திறந்த உரிமத்தில் வருவதால் அச்சுக்குத் தயங்காமல் பயன்படுத்தலாம். தலைப்புக்கு பலூ தம்பி, கேட்டமரன், அனெக் தமிழ். தலைப்பல்லாத மற்ற வரிகளுக்கு முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ். இலக்கியக் கூட்ட அறிவிப்புபோல் கொஞ்சம் நிதானம் வேண்டுமானால் நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது டைரோ தமிழ். கவிவாணர் கையெழுத்துச் சாயலில் இருப்பது. ஒரு வரி மேற்கோளுக்கு நன்றாக இருக்கும், நேரம், முகவரிக்கு ஆகாது.

தடித்த எழுத்து வேண்டுமென்றால் அந்த எழுத்துருவில் தடித்த வகை உண்மையிலேயே இருக்க வேண்டும். இல்லாத எழுத்துருவில் 'பி' பொத்தானை அமுக்கினால் கருவியே கோட்டைத் தடிப்பாக்கிப் போலித் தடிப்பு செய்யும். ண, ணை, ஞ போன்றவற்றின் உள்சுழிகள் அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். டைரோ தமிழில் தடித்த வகை கிடையாது. கேட்டமரன், முக்தா மலர், நோட்டோ ஆகியவற்றில் பல தடிப்புகள் உண்டு. சாய்வெழுத்தையும் தவிர்த்துவிடலாம், தமிழில் அது அழுத்தமாகப் படாது, கோணலாகத்தான் படும்.

ஆங்கில டெம்ப்ளேட்டில் வரி இடைவெளி 0.9, 1.0 என்று நெருக்கமாக இருக்கும். கீழ்வரியின் 'கீ', 'மீ' சுழி மேல்வரியின் 'ழு', 'கூ' வாலில் இடிக்கும். 1.3-லிருந்து 1.5 வரை வையுங்கள். எழுத்து இடைவெளி பூஜ்யம் மட்டும். ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்தைப் பரப்பி வைப்பது அழகு; தமிழில் அதையே செய்தால் சில கருவிகளில் காலும் கொம்பும் தன் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். வளைவான எழுத்து விளைவும் இதே ஆபத்து, ஒவ்வொரு துண்டாகப் பிரித்து வளைப்பதால்.

இன்னொன்று: ஆங்கில டெம்ப்ளேட்டுகள் முழுப் பெரிய எழுத்தில் தலைப்பை நிறுத்தி, சிறிய எழுத்தில் மற்றதைச் சொல்லும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது என்பதால், தமிழைப் போட்டவுடன் எல்லாம் ஒரே குரலில் பேசுவதுபோல் தட்டையாகிவிடும். அளவு, தடிப்பு, நிறம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டையாவது மாற்றினால்தான் தலைப்பு தலைப்பாகத் தெரியும். தலைப்பு, அடுத்த வரியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கட்டும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதும் கணக்கில் வர வேண்டும். 60 புள்ளி எழுத்தளவில், ஏ4 தாளின் அகலத்தில், எழுத்துருவைப் பொறுத்துப் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளே அடங்கும். சொல்லை நடுவில் வெட்டிக் கருவி தானாக அடுத்த வரிக்குத் தள்ள விடாதீர்கள். பொருள் பிரியும் இடத்தில் நீங்களே என்டர் தட்டி உடையுங்கள்: 'குழந்தைகளுக்கான' ஒரு வரி, 'கதை நேரம்' அடுத்த வரி.

பழைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய விவரத்தை ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாக வரும். அது யுனிகோட், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக்குறியீடு, அல்ல. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் யுனிகோடாக்கிவிட்டு ஒட்டவும். பிடிஎஃப்-இலிருந்து நூல் தலைப்பைப் பிரதியெடுத்து ஒட்டுவதும் நம்பத் தகுந்ததல்ல, கொம்புகள் இடம் மாறியோ விடுபட்டோ வரும். கையால் தட்டுவதே வேகம்.

படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் தமிழ் எழுத்தை எழுதச் சொல்லாதீர்கள். தமிழ்போலவே தோன்றும், ஆனால் தமிழாக இருக்காத வளையங்கள் பல சமயம் வரும். பின்னணி ஓவியம் வேண்டுமானால் வாங்கிக்கொண்டு, எழுத்தை நீங்கள் மேலே வையுங்கள்.

அளவுகள்

ஏ4 போஸ்டரில் தலைப்பு 72 முதல் 96 புள்ளி, பெயர் 40 முதல் 48, நூல் விவரம் 26 முதல் 30, அடியில் நேரமும் முகவரியும் 18-க்குக் குறையாமல். ஏ3-க்கு இதையெல்லாம் 1.4-ஆல் பெருக்கவும். ஏ வரிசைத் தாள்கள் ஒரே விகிதத்தில் இருப்பதால் ஏ4 கோப்பை 141 விழுக்காடு பெரிதாக்கினால் ஏ3 அப்படியே கிடைக்கும். மறுபடி வடிவமைக்க வேண்டாம்.

3 மீட்டர் தூரத்திலிருந்து சிரமமின்றிப் படிக்க எழுத்து சுமார் 2.5 செ.மீ. உயரம் இருப்பது நல்லது. 72 புள்ளி என்றால் 2.5 செ.மீ. என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அது எழுத்தைச் சுற்றியுள்ள முழுக் கட்டத்தின் உயரம். 'க'வின் உடல் ஏறத்தாழ அதில் பாதிதான் வரும். அறையின் அந்தக் கோடியிலிருந்து தலைப்பு தெரிய வேண்டுமானால் ஏ3-க்குப் போக வேண்டியிருக்கும்.

படம் எடுப்பது

டெம்ப்ளேட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் படம் மங்கலானால் போச்சு. ஏ4 தாளுக்கு 300 டிபிஐ என்றால் 2480 × 3508 பிக்சல். 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் 3000 × 4000 இருக்கும், தாராளம். அதே படம் வாட்ஸ்அப்பில் படமாக வந்திருந்தால் நீளப்பக்கம் 1600 பிக்சலுக்குச் சுருங்கியிருக்க வாய்ப்பு உண்டு. தாள் முழுக்க நிரப்பினால் 137 டிபிஐ மட்டுமே. கண்ணும் முடியும் மாவாகும். படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஆளை ஜன்னல் பக்கவாட்டில் வருமாறு நிறுத்துங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் முகம் இருட்டும். சுவரிலிருந்து ஒரு மீட்டராவது முன்னால் நிற்கட்டும், நிழல் பின்னால் ஒட்டாது. கைப்பேசியை அவரது மார்பு உயரத்தில் பிடித்து, இரண்டு மீட்டர் பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் முன்னால் நீட்டிய புத்தகம் பூதாகாரமாகவும் முகம் பின்னால் சிறுத்தும் விழும். லேமினேஷன் போட்ட அட்டையில் வெளிச்சம் பளிச்சிடும். மேல் விளிம்பை லேசாக முன்னால் சாய்த்தால் போய்விடும். விரல் தலைப்பை மறைக்கக் கூடாது. தலைக்கு மேலும் இருபுறமும் இடம் விட்டு எடுங்கள், சட்டகத்தில் வெட்டும்போது அது தேவைப்படும்.

பின்னணியை நீக்கப் போகிறீர்கள் என்றால், கறுப்பு முடிக்குப் பின்னால் அடர்நிறப் புத்தக அலமாரி வேண்டாம். எங்கே முடி முடிகிறது, எங்கே அலமாரி தொடங்குகிறது என்று கருவிக்குப் புரியாமல் காதோரத்தைக் கடித்துவிடும். வெளிர்நிறச் சுவர் போதும். ரிமூவ்பிஜி தளத்தில் இலவசமாகக் கிடைப்பது மிகச் சிறிய படம் என்பதையும் நினைவில் கொள்ளவும். திரையில் ஓட்டலாம், அச்சுக்குப் போதாது.

க்யூஆர் குறி

இது நூலகத்தின் முகப்புப் பக்கத்துக்குப் போவதில் அர்த்தமில்லை. போஸ்டரில் உள்ள அந்த நூலின் பட்டியல் பதிவுக்கே போக வேண்டும். அங்கே நூல் இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா என்று தெரியும், முன்பதிவும் செய்யலாம். அப்படி நூலுக்கு நூல் மாறும் குறி வைப்பதானால் அதை மட்டும் விதிவிலக்காக, ஐந்தாவதாக, மாறும் கட்டங்களோடு சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால், வரிசையில் வரும் நூல்கள் அனைத்தையும் ஒரே பட்டியலாக்கி, எல்லா போஸ்டரிலும் அந்தப் பட்டியலின் குறியையே வைக்கலாம். இரண்டாவதே பராமரிக்க எளிது. கோஹா போன்ற பட்டியல் மென்பொருளில் இத்தகைய பொதுப் பட்டியலை உருவாக்கும் வசதி இருக்கிறது.

சில பட்டியல் தளங்களில் தேடலின் முடிவில் வரும் முகவரி அந்த அமர்வுக்கு மட்டும் உயிரோடு இருக்கும், மறுநாள் செத்துவிடும். எனவே முகவரியை வேறு கைப்பேசியில், மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்த்த பிறகே குறியாக்கவும்.

முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால் சுருக்கிவிடுங்கள். முகவரிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது ஆங்கிலக் குறிகளாக விரியும். உயிர்க்குறியும் மெய்ப்புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், 'நூலகம்' என்ற ஒரு சொல்லே 54 குறிகள். நடுத்தரப் பிழைதிருத்த நிலையில் (குறியின் ஒரு பகுதி கெட்டாலும் படிக்க உதவும் அமைப்பு) 26 குறிகளுக்குள் அடங்கும் முகவரிக்கு 25 × 25 கட்டங்கள் போதும். 100 குறிகளுக்கு 41 × 41 வேண்டும். 4 செ.மீ. சதுரத்தில் முதலாவதன் ஒவ்வொரு கட்டமும் 1.6 மி.மீ., இரண்டாவதில் 1 மி.மீ. கூட இல்லை. மங்கலான வெளிச்சத்தில், கைநடுக்கத்தில், எது பிடிபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அளவுக்கு எளிய விதி: எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு. 40 செ.மீ. தூரத்துக்கு 4 செ.மீ. நான்கு பக்கமும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விடவும். அடர்நிறக் குறி, வெளிர்பின்னணி. நிறங்களை மாற்றிப் போட்டால் எல்லா ஸ்கேனரும் படிக்காது. நடுவில் சின்னம் வைக்க ஆசைப்பட்டால் பிழைதிருத்த நிலையை உச்சத்துக்கு ஏற்றவும்.

'டைனமிக்' என்று தரப்படும் குறிகளில் கவனம். அவை அந்த நிறுவனத்தின் முகவரி வழியாகச் சுற்றிவிடும். இலவசக் காலம் முடிந்தவுடன் சுவரில் ஒட்டிய போஸ்டர்கள் அத்தனையும் 'கணக்கைப் புதுப்பிக்கவும்' என்ற பக்கத்துக்குப் போகும். மாறாத முகவரிக்கு 'ஸ்டாடிக்' குறியே எடுங்கள், அது காலாவதியாவதில்லை.

ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில்

கோடை வாசிப்பு நிகழ்ச்சியை முடித்த குழந்தைகள் எல்லோருக்கும் போஸ்டர் என்றால் கையால் செய்யத் தேவையில்லை. கேன்வாவின் கட்டணத் திட்டத்தில் 'பல்க் கிரியேட்' என்ற வசதி உண்டு: பெயர், நூல், ஆசிரியர், வரி என்று தலைப்பிட்ட அட்டவணையை ஏற்றி, ஒவ்வொரு நெடுவரிசையையும் டெம்ப்ளேட்டின் ஒரு பெட்டியோடு இணைத்தால் ஆளுக்கொரு பக்கம் தயார். ஸ்கிரைபஸில் 'ஸ்கிரைபஸ் ஜெனரேட்டர்' என்ற துணைநிரல் இதையே இலவசமாகச் செய்யும்.

இங்கே எல்லோரும் மாட்டுவது ஒரே இடத்தில்: எக்செல்லில் சாதாரண சிஎஸ்வி ஆகச் சேமித்தால் தமிழ் முழுதும் கேள்விக்குறிகளாகிவிடும். 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனியாக இருக்கும் வகையைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்கவும். பிறகு மிக நீளமான பெயர்கள் வரும் பக்கங்களை மட்டும் திறந்து, பெட்டியை விட்டு வழிகிறதா என்று பாருங்கள். பெயர்ப் பிழையை மட்டும் வேறொருவர் சரிபார்க்கட்டும். தன் பெயர் தப்பாக இருக்கும் போஸ்டரை எந்தக் குழந்தையும் வீட்டுக்கு எடுத்துப் போகாது.

அனுமதி

படத்துக்கு எழுத்துமூல ஒப்புதல் வாங்கவும்: எங்கே ஒட்டப்படும், சமூக ஊடகத்தில் வருமா, எத்தனை மாதம் இருக்கும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து. போஸ்டரில் முதல் பெயர் மட்டும், பள்ளி, வகுப்பு எதுவும் வேண்டாம்.

நூலகர்கள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 'இவர் என்ன படிப்பார் என்று நமக்குத்தான் தெரியுமே' என்று இரவல் பதிவேட்டைப் பார்த்து நூலைத் தேர்வு செய்வது. ஒருவர் எடுத்த நூல்களின் பட்டியல் அவருடைய அந்தரங்கம். எந்த நூலைக் காட்ட வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.

நூலின் அட்டைப்படத்துக்கும் பதிப்புரிமை உண்டு. ஆள் கையில் பிடித்திருக்கும் படம் பெரும்பாலும் சிக்கல் தராது. அட்டையை மட்டும் பெரிதாகப் போட்டு விளம்பரமாக்குவதானால் பதிப்பகத்தைக் கேட்டுவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் நல்ல துல்லியத்தில் கோப்பே அனுப்பிவிடுவார்கள். பின்னணிப் படங்களுக்கு, திறந்த உரிமத்தில் உள்ள படங்களைத் தேடித் தரும் ஓபன்வெர்ஸ் தளத்தைப் பயன்படுத்தலாம். அதில் 'பெயர் குறிப்பிடுக' என்ற உரிமம் இருந்தால் போஸ்டரின் அடியில் பெயர் வர வேண்டும், 'மாற்றம் கூடாது' என்றிருந்தால் வெட்டவோ மேலே எழுதவோ முடியாது. பழைய பாணி பிடிக்குமானால், 1936 முதல் 1943 வரை அமெரிக்க அரசின் வேலைத்திட்டத்தில் வரையப்பட்ட போஸ்டர்களைக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் பாருங்கள். வாசிப்பையும் நூலகத்தையும் பற்றியவை அதில் பல உண்டு. மூன்று நிறத்தில் ஒரு போஸ்டரை எப்படி நிறுத்துவது என்று அவற்றிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

அச்சும் திரையும்

அலுவலக அச்சுப்பொறி தாளின் ஓரம் வரை அச்சிடாது. சுமார் 5 மி.மீ. வெள்ளை விளிம்பு விடும். முழுப் பின்னணி நிறம் போட்டால் கோணலான வெள்ளைச் சட்டம் தெரியும். எனவே உள்ளேயே அச்சிடுவதானால் 1 செ.மீ. வெள்ளை ஓரத்தை வடிவமைப்பிலேயே வையுங்கள். அச்சிடும் சாளரத்தில் 'ஃபிட்' என்பதை விட்டு 'ஆக்சுவல் சைஸ்' தேர்ந்தெடுங்கள். வெளி அச்சகம் என்றால் கேன்வாவில் பிடிஎஃப் பிரின்ட், கூடவே கிராப் மார்க்ஸ் அண்ட் ப்ளீட் (வெட்டும் இடத்தின் குறியும், அதைத் தாண்டி நீளும் ஓரமும்). பின்னணி நிறம் வெட்டுக்கோட்டைத் தாண்டி 3 மி.மீ. நீண்டிருக்க வேண்டும், எழுத்து எதுவும் வெட்டுக்கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே நிற்க வேண்டும்.

திரையில் மின்னும் பச்சை, நீலம், ஆரஞ்சு ஆகியவை அச்சில் மங்கும். திரை ஒளியால் காட்டுவதை மை காட்ட முடியாது. மொத்தமாக அச்சிடும் முன் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். வெள்ளையில் மஞ்சள் எழுத்து, சிவப்பில் நீல எழுத்து இரண்டும் வேண்டாம். தாள் 130 முதல் 170 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை); 80 ஜிஎஸ்எம் நகல் தாளில் இங்க்ஜெட் மை ஊறி அலையடிக்கும். லேமினேட் செய்வதானால் மேட் வகை, பளபளப்பில் விளக்கு தெரிந்து முகம் தெரியாமல் போகும்.

திரைப் பிரதிகளைத் தனியாகச் செய்யுங்கள்: நூலகத் தொலைக்காட்சிக்கு 1920 × 1080, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு 1080 × 1920, இன்ஸ்டாகிராமுக்கு 1080 × 1350. கைப்பேசியில் பார்ப்பவர் அதே கைப்பேசியால் க்யூஆரை ஸ்கேன் செய்வது சிரமம் என்பதால், அங்கே குறியை எடுத்துவிட்டு இணைப்பைப் பதிவில் கொடுங்கள். படத்தில் உள்ள எழுத்தைத் திரைவாசிப்பான் (பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள்) சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது; பெயர், நூல், நாள், நேரம் நான்கையும் பதிவின் எழுத்திலும் ஒருமுறை தட்டிவிடுங்கள்.